கதிரவெளிக்கு வந்த ஓர் எண்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு மாலைப்பொழுதில், கதிரவெளியிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமாக நலம் விசாரித்துவிட்டே விடயத்துக்கு வருபவன், அன்று எடுத்த எடுப்பிலேயே கேட்டான்:

"மாமா, அம்மாட ரத்தத்தில சி.ஈ.ஏ. நாப்பத்திரெண்டு எண்டு போட்டிருக்கு. அஞ்சுக்குக் கீழதான் இருக்கணுமாம். துண்டு தந்த பொடியன், இப்பிடி இருந்தா ஆறு மாசம்தான் எண்டு சொல்றான். உண்மையா மாமா?"

அக்காவுக்கு நுரையீரலில் கட்டி இருப்பது அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் ஸ்கான் படத்தில் தெரியவந்திருந்தது. குருதிப் பரிசோதனையை ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் செய்திருந்தார்கள். துண்டைக் கையளித்த இளைஞர் வைத்தியரல்லர். இணையத்தில் எங்கோ வாசித்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், கேட்டவர்களுக்கு அது தீர்ப்பாகவே ஒலித்தது. வீட்டில் அன்று உலை வைக்கவில்லை என்று மருமகன் சொன்னான்.

நான் கலைப்பட்டதாரி. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியதைத் தவிர வேறு தொழில் அறியேன். எனினும், தெரியாத விடயத்தை நான்கு பேரிடம் கேட்டு, நாற்பது பக்கம் வாசித்து, பிறருக்கு விளங்கும்படி எழுதுவதுதானே எங்கள் பிழைப்பு? "வைத்தியரிடம் கேட்காமல் எவர் சொல்வதையும் நம்பாதே, நாளை மாலை பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த நாற்பத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் ஓரிரவில் முடியவில்லை. அது என்னை நூற்றெழுபது ஆண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

கதிரவெளியை அறியாத வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், வாகரைக்கு அப்பால், வெருகலாற்றுக்கு இப்பால், திருகோணமலை வீதியோரம் கிடக்கும் கரையோரக் கிராமம் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் காடும். பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் அங்கு உண்டு என்பதால் தொல்லியல் நூல்களில் அதன் பெயர் அடிபடும். செய்தித்தாள் வாசகர்களுக்கோ, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது 2006 நவம்பரில் நடந்த எறிகணைத் தாக்குதலுமே நினைவுக்கு வரும். அக்கா அவ்விரண்டையும் கடந்து வந்தவர். அப்படிப்பட்டவரை ஒரு காகிதத் துண்டிலிருந்த எண் படுக்கையில் தள்ளியது. புகைப்பழக்கம் உள்ளவரும் அல்லர்; வாழ்நாளில் அவர் கண்ட புகையெல்லாம் விறகடுப்பின் புகைதான்.

நோயாளி பிழைப்பாரா, எவ்வளவு காலம் இருப்பார் என்று கணிப்பது வைத்தியத்தின் மிகப் பழைய ஆசை. மருந்து கண்டுபிடிப்பதற்கு முன்பே மனிதர் கணிக்கத் தொடங்கிவிட்டனர். நமது சித்த வைத்தியத்தில் தேரையரின் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விடியற்காலையில் பிடித்த சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நெளிந்தால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பர். அத்துடன் நில்லாமல், துளி பரவும் விதத்தைக் கொண்டு நோய் தீருமா, தீராதா என்றும் சொல்வர். அம்முறை சரியா, பிழையா என்ற விவாதத்துக்குள் நான் இறங்கவில்லை. உடலிலிருந்து வெளிவரும் நீரில் உடலின் எதிர்காலம் எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். ஏனெனில், நவீன மருத்துவத்தின் முதலாவது புற்றுநோய் அடையாளப் புரதமும் சிறுநீரிலேதான் அகப்பட்டது.

1845 நவம்பரில், லண்டனில் இரு வைத்தியர்கள் ஒரு நோயாளியின் சிறுநீரைக் குழாயிலிட்டு, ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற இரசாயன வல்லுநரிடம் அனுப்பினார்கள். நோயாளி நாற்பத்தைந்து வயது மளிகை வணிகர். எலும்புகள் மென்மையாகி, தாங்கொணா வலியால் துடித்துக்கொண்டிருந்தார். அவரது சிறுநீரில் விசித்திரமான ஒரு பொருள் இருந்தது. முட்டை வெண்கரு சூடேற்றினால் உறையும். உறைந்தது மீண்டும் இளகாது. இதுவோ இளஞ்சூட்டில் உறைந்து, கொதிக்கும்போது கரைந்து, ஆறியதும் மறுபடி உறைந்தது. இது என்னவென்று அறியத்தாருங்கள் என்பதே வைத்தியர்கள் எழுதியனுப்பிய வேண்டுகோள். 1846 பிறந்தவுடன் நோயாளி இறந்துவிட்டார். பென்ஸ் ஜோன்ஸ் 1847இலும் அடுத்த ஆண்டிலும் தம் ஆய்வை வெளியிட்டு, இத்தகைய எலும்பு நோயாளரிடம் இப்பொருளைத் தேடிப் பாருங்கள் என்று உலகுக்குச் சொன்னார்.

அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார் என்பது சுவையான பொருத்தம். பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, தமிழில் மருத்துவச் சொற்களை ஆக்கித் தந்தவர் அவர். இந்தக் கட்டுரையில் நான் தயங்காமல் தமிழில் எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

பென்ஸ் ஜோன்ஸ் கண்டது என்ன பொருள் என்பது விளங்க 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்தின் ஒரு துண்டே அது என்று எடெல்மனும் காலியும் நிறுவினர். என்பு மச்சையில் பெருகும் புற்றுக் கலங்கள் (தமிழகத்தார் செல்கள் என்பர்) அத்துண்டுகளை அளவின்றி உற்பத்தி செய்து குருதியில் கொட்டுகின்றன. புற்று தன் கையொப்பத்தைக் குருதியில் இட்டுச் செல்கிறது எனலாம்.

அப்படியானால் ஒவ்வொரு புற்றுக்கும் ஒரு கையொப்பம் இருக்குமல்லவா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலரையும் ஆட்கொண்ட கனவு இதுதான். அதற்கு முதலில், குருதியில் கடுகளவிலும் கோடியிலொரு பங்காய்க் கிடக்கும் புரதத்தை அளக்க ஒரு தராசு வேண்டும். நியூயோர்க்கில் ரொசலின் யலோவும் சொலமன் பேர்சனும் 1950களின் இறுதியில், இன்சுலினை அளப்பதற்காக, பிறபொருளெதிரியையும் கதிரியக்க அயடினையும் இணைத்து அத்தராசைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. 1977இல் யலோவுக்கு நொபெல் பரிசு கிடைத்தபோது பேர்சன் உயிருடன் இல்லை.

அக்காவின் துண்டிலிருந்த சி.ஈ.ஏ. பிறந்த இடம் கனடாவின் மொன்றியல் நகரம். மக்கில் பல்கலைக்கழகத்தில் பில் கோல்ட் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய ஆசிரியர் சாமுவேல் ஃபிரீட்மனும் 1965இல் அதை அறிவித்தார்கள். ஒரே நோயாளியின் பெருங்குடலிலிருந்து புற்றுப் பகுதியையும் நல்ல பகுதியையும் எடுத்து ஒப்பிட்டது அவர்களின் சாமர்த்தியம். ஆளுக்காள் உள்ள வேறுபாடு அதனால் அடிபட்டுப் போயிற்று. எஞ்சி நின்றது புற்றுக்கே உரிய வேறுபாடு மட்டும். அப்புரதம் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் காணப்பட்டது. எனவே அதற்கு முளையத்தின் பெயரையும் புற்றின் பெயரையும் சேர்த்துச் சூட்டினர். அதன் சுருக்கமே சி.ஈ.ஏ. பிறந்தபின் உடல் மறந்துவிட்ட ஒரு பாடத்தைப் புற்று நினைவுபடுத்திக்கொண்டது போன்ற நிகழ்ச்சி அது.

சில ஆண்டுகளில் அதைக் குருதியிலும் அளக்க முடிந்தது. ஒரு துளி இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று பத்திரிகைகள் எழுதின. (எங்கள் குலத்தொழில் அப்படி. நானும் அத்தகைய தலைப்புகள் இட்டவன்தான்.) பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. சி.ஈ.ஏ. பெருங்குடற் புற்றில் மட்டுமன்றி நுரையீரல், மார்பகம், இரைப்பை, கணையப் புற்றுகளிலும் உயர்ந்தது. புற்றே இல்லாத ஈரல் நோயாளரிலும், குடல் அழற்சி உள்ளவரிலும் உயர்ந்தது. எந்த நோயுமற்ற புகைபிடிப்போரில்கூடச் சற்று உயர்ந்தே இருந்தது. மறுபுறம், புற்று உள்ள பலரில் உயரவேயில்லை. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவி என்ற பட்டத்தை அது இழந்தது. தெரிந்த நோயைப் பின்தொடரும் கருவி என்ற அடக்கமான வேலை அதற்குக் கிடைத்தது. சிகிச்சைக்குப் பின் எண் இறங்கினால் நல்லது, மீண்டும் ஏறினால் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நுரையீரல் புற்றுக்கென்றே வேறு புரதங்களும் வந்தன. சிறுகல வகைக்கு என்.எஸ்.ஈ.யும் புறோ-ஜி.ஆர்.பி.யும், மற்ற வகைகளுக்கு சைஃப்ரா 21-1 என்பதும் எனப் பட்டியல் நீளும். பெயர்களால் வாசகரைக் களைப்படையச் செய்ய விரும்பவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் சி.ஈ.ஏ.யோ சைஃப்ராவோ உயர்ந்திருந்த நோயாளரின் கூட்டம், உயராதிருந்த கூட்டத்தைவிடச் சராசரியில் குறைந்த காலமே வாழ்ந்தது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது உண்மை, இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் "கூட்டம்", "சராசரி" என்ற இரு சொற்களும் இங்கே முக்கியம். அந்த ஆய்வுகூட இளைஞர் தவறவிட்டவையும் அவ்விரண்டையுமே.

இதை என் மருமகனுக்கு விளக்க ஒரு மனிதரின் கதையே உதவியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றறையில் மெசோதெலியோமா என்ற அரிய புற்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்நோயாளரின் இடைநிலை வாழ்காலம் எட்டு மாதம் என்று நூலகத்தில் வாசித்தார். புள்ளிவிவரம் கற்றவராதலால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: எட்டு மாதத்தில் பாதிப்பேர் இறந்தால், மீதிப் பாதிப்பேர் எவ்வளவு காலம் இருந்தனர்? அந்தப் பாதியின் வால் மிக நீளமாய் ஓடியது. 1985இல் அதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரையும் எழுதினார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் அவர் இறந்தது வேறொரு புற்றால். அது நுரையீரலில் தோன்றியது என்பது விதியின் விளையாட்டு.

குருதியை விட்டுக் கலத்துக்குள் சென்ற கதை இன்னும் விறுவிறுப்பானது. 1979இல் பல ஆய்வுகூடங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பி53 என்ற புரதத்தைக் கண்டன. எடை ஏறத்தாழ 53 ஆயிரம் டால்ற்றன் எனக் கணிக்கப்பட்டதால் அப்பெயர். பத்தாண்டு காலம் அதைப் புற்றை வளர்க்கும் வில்லன் என்றே எண்ணினர். 1989இல்தான் தவறு தெரிந்தது. ஆய்வுகூடங்கள் கையாண்டவை பழுதடைந்த பிரதிகள். பழுதற்ற பி53 புற்றைத் தடுக்கும் காவலன்; காவலன் கெட்டுப்போனால்தான் கள்ளன் புகுகிறான். 1993இல் சயன்ஸ் சஞ்சிகை அதை ஆண்டின் மூலக்கூறாகத் தெரிவு செய்தது. 1996இல் டெனிசென்கோ, ஃபைஃபர் ஆகியோரின் குழு, புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருளின் வழிப்பொருள் பி53 மரபணுவில் எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்தது. நுரையீரல் புற்றாளரில் அம்மரபணு பெரிதும் பழுதடையும் அதே இடங்கள்!

ரிச்சட் டோலும் பிராட்ஃபோட் ஹில்லும் 1950இல் லண்டன் வைத்தியசாலைகளில் நோயாளரை விசாரித்துச் சிகரெட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தனர். புகையிலைக் கம்பனிகள் அதை வெறும் புள்ளிவிவரம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டிக்கழித்தன. 1996இல் கிடைத்தது கைரேகைச் சாட்சியம். திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றி வளமடைந்த யாழ்ப்பாணத்தையும், சுருட்டைக் காதில் செருகியபடி வயலுக்குப் போன எங்கள் பெரியவர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கம்பனிகள் அறிந்திருந்தன.

காவலன் கெட்டிருந்தால் நோயாளியின் ஆயுள் குறையுமா? இக்கேள்விக்கு விடை தேடி எண்ணற்ற சிறு ஆய்வுகள் நடந்தன. ஒன்று ஆம் என்றது. அடுத்தது இல்லை என்றது. நாற்பது, ஐம்பது நோயாளரை வைத்துக்கொண்டு, வசதியான இடத்தில் எல்லைக்கோட்டைக் கீறி, சாதகமாய் வந்ததை மட்டும் அச்சேற்றும் பழக்கம் எங்கும் இருந்தது. இந்தக் குழப்பத்தைச் சகிக்காமல், அடையாளப் பொருள் ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்ற விதிகளை 2005இல் ஒரு வல்லுநர் குழு வகுத்தது. ரிமார்க் விதிகள் என்பர். மிக அவசியமாக இருந்தது என்பதை அடுத்த ஆண்டே ஒரு சம்பவம் காட்டியது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி என்ற வைத்தியரும் குழுவினரும், ஆரம்பநிலை நுரையீரல் புற்றாளரில் எவருக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லும் முறை கண்டதாக 2006இல் நியூ இங்கிலன்ட் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். புரதமல்ல, மரபணுக்களின் இயக்க அளவுகளே அவர்களின் அடிப்படை. ஆனால் கனவு அதே கனவு. அதே குழுவின் மற்றோர் ஆய்வை ஹூஸ்டனைச் சேர்ந்த பகர்லி, கூம்ஸ் என்ற இரு புள்ளிவிவரவியலாளர் சோதித்தபோது கணக்குகள் பொருந்தவில்லை. அட்டவணையில் பெயர்கள் ஒரு வரி தள்ளி நின்றன! அவர்கள் எழுப்பிய குரலைப் பல்கலைக்கழகம் முதலில் பொருட்படுத்தவில்லை. அந்த முறையை நம்பி நோயாளருக்கு மருந்து தெரிவுசெய்த பரிசோதனைகள் தொடர்ந்து நடந்தன, 2010இல்தான் நின்றன. கட்டுரை 2011இல் மீளப்பெறப்பட்டது. பொட்டி முறைகேடு செய்தார் என்று அமெரிக்க அரசின் விசாரணை அலுவலகம் 2015இல் தீர்மானித்தது. இரு மனிதர்கள் பொறுமையாய் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்ததால் வெளிவந்த உண்மை. பத்திரிகைக்காரனாக எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்தவர்கள் அவர்களே.

கதையின் திருப்புமுனை 2004. ஜெஃபிற்றினிப் என்ற மாத்திரை அதற்கு முன்பே, 2002இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருந்தது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தைத் தடுப்பது அதன் வேலை. பெரும்பாலானோரில் அது எதையும் செய்யவில்லை. ஒரு சிலரிலோ மந்திரம் போட்டதுபோல் கட்டி கரைந்தது. அந்தச் சிலரில் பலர் ஆசியர், பெண்கள், புகைபிடிக்காதோர். ஏன் என்று எவருக்கும் புரியவில்லை. 2004இல் பொஸ்டனிலிருந்து இரு குழுக்கள் காரணத்தை அறிவித்தன. அவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு விகாரமடைந்திருந்தது. ஆளி எப்போதும் போட்டபடியே இறுகிவிட்ட மின்விளக்கு போல அப்புரதம் ஓயாது இயங்கிக் கட்டியை வளர்த்தது. மாத்திரை அந்த ஆளியை அணைத்தது.

ஆனால் அதே ஆண்டின் இறுதியில், விகாரம் பார்க்காமல் எல்லா நோயாளருக்கும் கொடுத்த ஒரு பெரும் பரிசோதனை தோல்வி கண்டது. 2005இல் அமெரிக்கா அம்மருந்தைப் புதியவர்களுக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது. மருந்து ஏறத்தாழச் செத்தே போயிற்று. அதை எழுப்பியது ஹொங்கொங்கின் ரொனி மொக் தலைமையில் ஆசிய நாடுகளில் 1217 நோயாளரிடம் நடந்து, 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு. விகாரம் உள்ளோரில் மாத்திரை கீமோ சிகிச்சையைத் தெளிவாக வென்றது. விகாரம் இல்லாதோரில் மாத்திரை உண்டவர்களுக்கு நோய் மிக விரைவாக முற்றியது. கீமோ பெற்றவர்களே நலமாயிருந்தனர். ஒரே மாத்திரை ஒருவருக்கு அமுதம், மற்றவருக்கு நாள் கடத்திய குற்றம்.

நூற்றெழுபது ஆண்டு வரலாற்றில் நான் தேடியது இங்கேதான் கிடைத்தது. அடையாளப் பொருளிடம் மனிதர் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். எவ்வளவு காலம் என்பது ஒன்று. எந்த மருந்து என்பது மற்றது. சி.ஈ.ஏ. முதலாவதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வாய் திறக்காது. ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரமோ இரண்டாவதற்குப் பதில் சொல்லும். அந்தப் பதில் கிடைத்ததும் முதலாவது கேள்வியின் விடையே மாறிவிடுகிறது. நாற்பத்திரண்டு என்ற எண், மருந்து எதுவென்று தெரியாமல் போட்ட கணக்கு. பின்னர் ஜப்பானில் ஹிரோயுகி மனோ 2007இல் கண்ட ஏ.எல்.கே. மாற்றத்துக்கும், இன்று நோயெதிர்ப்பு மருந்தைத் தெரிவுசெய்ய அளக்கப்படும் பி.டி.-எல்1 புரதத்துக்கும் இதே தர்க்கம்தான்.

மறுநாள் மாலை மருமகனிடம், "ஆறு மாசக் கதையை விடு. கட்டியிலிருந்து எடுத்த சதையில் விகாரம் பார்க்க முடியுமா என்று பெரிய டொக்டரிடம் கேள்" என்றேன். கேட்டான். அவர் ஏற்கெனவே அதைத்தான் எழுதி வைத்திருந்தார். சொல்ல நேரம் கிடைக்கவில்லையாம். கிளினிக்கில் அன்று காத்திருந்தோரின் கூட்டத்தைப் பின்னர் நானே நேரில் கண்டபோது, அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மெழுகில் பதித்த சதைத்துண்டு இந்தியாவுக்குப் போய் முடிவு வர ஐந்து வாரமாயிற்று. பரிசோதனைச் செலவுக்கு அக்கா தன் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அந்த ஐந்து வாரமும் வீட்டில் எவரும் எண்களைப் பற்றிப் பேசவில்லை.

விகாரம் இருந்தது.

இந்தியாவில் தயாராகும் ஜெஃபிற்றினிப் மாத்திரை, நாளுக்கு ஒன்று. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. முகத்தில் பரு போட்டது. "இந்த வயசில குமரிப் பருவம் வந்திட்டு" என்று அக்கா சிரித்தார். சி.ஈ.ஏ. ஒன்பதுக்கு இறங்கியது. அவ்வாண்டு வெருகல் முருகன் கோவில் திருவிழாவுக்கு நடந்தே போனார். அடுத்த ஆண்டும் போனார்.

புற்று மீண்டும் வழி கண்டுபிடித்தது 2018இன் கடைசியில். இம்மாத்திரைக்கு இரண்டாவது விகாரமொன்றால் எதிர்ப்பு உண்டாகும் என்பது 2005இலேயே அறியப்பட்டது. அதை வெல்லும் ஒசிமேர்ற்றினிப் 2015இல் வந்துவிட்டது. ஆனால், அப்போதைய அதன் விலை கதிரவெளியில் எந்த வீட்டுக்கும் எட்டாதது. அக்கா 2019 பங்குனியில் காலமானார். ஆறு மாதமல்ல, இரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

அந்தியேட்டிக்குப் போயிருந்தபோது மருமகன் தகரப் பெட்டியைத் திறந்து ஆவணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். காணி உறுதி, நிவாரண அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். அடியில் அந்த முதல் துண்டு இருந்தது. நாற்பத்திரண்டைச் சுற்றி எவரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். அதன் பின்புறத்தில் அக்கா பென்சிலால் கடைச்சாமான் கணக்கு எழுதியிருந்தார்: சீனி, தேயிலை, கொத்தமல்லி, சவர்க்காரம்.